டிரையர் விளக்கு எரியவில்லையா? பல்பு வாங்கும் முன் கதவைப் பாருங்கள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாவது மாடி வீடு. ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. படியேறிய மூச்சு அடங்குவதற்குள் அந்த வீட்டு அம்மா என் கையில் ஒரு சின்ன பல்பை வைத்தார். “பல்பை நானே வாங்கிவிட்டேன் தம்பி, மாட்டிக் கொடுத்தால் போதும். இது மூன்றாவது” என்றார். முந்தைய இரண்டும் ஜன்னல் விளிம்பில் கிடந்தன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இழை அறுந்திருக்கவில்லை. துணி உலர்த்தும் டிரையரின் கதவை ஒட்டி ஒரு மர ஸ்டூல், அதன்மேல் பாதி அரிசி மூட்டை. “இது எதற்கு அம்மா?” என்றேன். “முட்டுக் கொடுக்காவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. அது வேறு கோளாறு, அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

இரண்டும் ஒரே கோளாறுதான் என்பது கால் மணி நேரத்தில் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டிரையருக்குள் விளக்கு இருப்பது கறுப்பு சாக்ஸைத் தேடி எடுக்க என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கும்தான். பழுது பார்க்கிறவனுக்கோ அது இயந்திரத்தைக் கழற்றாமலே கிடைக்கும் சாட்சி. பெரும்பாலான டிரையர்களில் கதவோரம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கதவு திறந்திருந்தால் அது மின்சாரத்தை விளக்குக்கு அனுப்பும். மூடினால் விளக்கை விட்டுவிட்டு மோட்டாருக்கு வழி கொடுக்கும். ஆகவே விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்த்தாலே அந்த சுவிட்சின் உடல்நிலை தெரிந்துவிடும். அதனால்தான் பல்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் கதவைப் பற்றிக் கேட்கிறேன்.

நான் சொல்வது சூடான காற்றில் துணியை உருட்டி உலர்த்தும், முன்பக்கம் கதவு உள்ள இயந்திரத்தை. எங்கள் தண்டையார்பேட்டையில் பாதிப் பேர் ‘டிரையர்’ என்று சொல்வது இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினின் பிழியும் தொட்டியை. அதில் விளக்கே கிடையாது. துணி வெளுத்தவர்களின் பெயரையே ஊர்ப் பெயராக வைத்திருக்கும் வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மொட்டைமாடிக் கொடி இருக்க இந்த இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் யாரும் கேட்பதில்லை.

கை வைக்கும் முன்

சுவரில் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கை உருவி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் (திரும்பும் ஒயர்) இடம் மாறிய பிளக் பாயின்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். இப்போதுதான் துணி உலர்த்தினீர்கள் என்றால் இருபது நிமிடம் ஆறவிடுங்கள். ஓடும்போது டிரம்முக்குள் வெப்பம் 60, 70 டிகிரியைத் தொடும், பல்பின் மூடி கையைச் சுடும்.

அடுத்து, டிரம்முக்குள் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள். சின்ன ஸ்க்ரூ கை நழுவினால் துண்டில் விழும். துண்டு இல்லாவிட்டால் டிரம்மின் ஓட்டைக்குள்ளோ விளிம்பு இடுக்கிலோ போகும், அப்புறம் முன்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்க்ரூவுக்காக ஒரு மாலை முழுவதும் இழந்திருக்கிறேன்.

கதவைத் திறந்தால் விளக்கு இல்லை, ஆனால் இயந்திரம் ஓடுகிறது

அதிகம் வருகிற புகார் இது. பெரும்பாலும் பல்புதான். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுடையது பட்டனைத் தொட்டு இயக்கும் மின்னணு வகையா? சில வகைகளில் பவர் பட்டனை அழுத்தினால்தான் விளக்கு வரும். கதவைச் சில நிமிடம் திறந்தே வைத்தால் தானாக அணையும். கதவை மூடி, பவர் பட்டனை அழுத்தி, மறுபடி திறந்து பாருங்கள். குமிழைத் திருப்பும் பழைய வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

விளக்கு இருக்கும் இடம் இரண்டில் ஒன்று: கதவுத் திறப்பின் மேல்விளிம்பில் உள்பக்கமாக, அல்லது டிரம்முக்கு நேர் பின்னால் உள்ள சுவரில். தலையை உள்ளே விடாமல் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை நீட்டிப் பார்ப்பது என் வழக்கம். பால் நிறத்திலோ கண்ணாடி போலவோ ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். ஒரு முனையில் ஒரே ஒரு ஸ்க்ரூ. மறு முனை ஒரு கொக்கியில் செருகியிருக்கும். ஸ்க்ரூவின் தலை நான்கு முனை ஸ்டாராக இருந்தால் வீட்டுத் திருப்புளி போதும். ஆறு முனை என்றால் அது டார்க்ஸ் வகை, பெரும்பாலும் 20 எண் திருப்புளி பொருந்தும். பொருந்தாத திருப்புளியால் முறுக்கித் தலையை வழித்துவிடாதீர்கள். ஸ்க்ரூவே தெரியவில்லை என்றால் மூடியை இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். சில மூடிகள் டப்பா மூடி போலத் திருகிக் கழலும்.

மூடியை எடுக்கும்போது அதன் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பல்பை ஒரு துணியால் பிடித்து இடப்பக்கம் திருகி வெளியே எடுங்கள். கண்ணாடி உள்ளே கறுத்திருந்தால் ஆயுள் முடிந்தது. தெளிவாகத் தெரியாவிட்டால் காதருகே ஆட்டுங்கள். அறுந்த இழை உள்ளே மெல்லச் சலசலக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அடிப்பக்கப் புள்ளிக்கும் மரைக்கும் இடையே அளக்கலாம். நல்ல 15 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் சில நூறு ஓம் காட்டும். எரியும்போது அது மூவாயிரத்து ஐந்நூறு ஓம் அளவுக்குப் போய்விடும், அது வேறு கணக்கு.

இனி கடைக்குப் போகலாம். பழைய பல்பைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘டிரையர் பல்பு’ என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். அதன் அடிப்பகுதியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 230 வோல்ட் இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ஈ14. ஈ என்பது எடிசனின் முதலெழுத்து, 14 என்பது மரையின் விட்டம் மில்லிமீட்டரில். வீட்டு பல்பில் இருக்கும் பெரிய மரை ஈ27. இரண்டு ஊசி நீட்டிய வகை இதற்கு ஒத்தே வராது. பாரிமுனையில் மின்சாமான் கடைகளில் ‘ஈ14, பதினைந்து வாட், ஓவன் பல்பு’ என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஓவன் பல்பு, அதாவது கேக் சுடும் மின்னடுப்புக்கான பல்பு, 300 டிகிரி வெப்பத்துக்கென்று செய்தது, டிரையரின் சூடு அதற்கு வேடிக்கை. வாட் அளவு மூடியிலோ ஹோல்டர் அருகிலோ அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டாதீர்கள். வெளிச்சம் கூடட்டும் என்று நாற்பது வாட் மாட்டிய வீட்டில் அந்த பிளாஸ்டிக் மூடி அப்பளம் மாதிரி வளைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

எல்இடி மாட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் மாட்டுவதில்லை. எல்இடி பல்பின் கழுத்துக்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. கூடத்தில் பத்தாண்டு எரியக்கூடியது இங்கே அல்பாயுசில் போகும். தவிர, அணைத்த பிறகும் சில எல்இடிகள் மின்மினி போல மங்கலாக எரிந்துகொண்டிருக்கும், ஒயரில் கசியும் மெல்லிய மின்சாரமே அவற்றுக்குப் போதும். அதற்காக ஒரு முறை வீட்டுக்காரர் பயந்து என்னை இரவில் அழைத்தார்.

புதிய பல்பைத் துணியால் பிடித்து வலப்பக்கம் திருகுங்கள். விரல் பிடிக்குத் தங்கினால் போதும், மல்யுத்தம் வேண்டாம். ரப்பர் வளையத்தை அதன் இடத்தில் அமர்த்தி, மூடியின் கொக்கியை முதலில் செருகி, பிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். துண்டை வெளியே எடுத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள்.

புதிய பல்பும் எரியவில்லை

இங்கேதான் மக்கள் இரண்டாவது, மூன்றாவது பல்பு வாங்குகிறார்கள். பல்பு நல்லது என்று மீட்டர் சொன்னால், பார்க்க வேண்டியது ஹோல்டரும் கதவு சுவிட்சும்.

பிளக்கை மறுபடி உருவிவிட்டு ஹோல்டருக்குள் டார்ச் அடியுங்கள். அடியில் ஒரு பித்தளை நாக்கு இருக்கும். பல்பை இறுக்கி இறுக்கி அது தட்டையாகப் படுத்திருந்தால் பல்பின் புள்ளியைத் தொடாது. ஐஸ்குச்சியால் மெல்ல நெம்பிவிடுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எழுந்தால் போதும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம், களிம்பு. உப்புக் காற்றும் துணியின் ஈரமும் சேர்ந்து ஹோல்டரின் பித்தளையில் பச்சைப் பசேலென்று படிந்துவிடும். பித்தளைக் குடம் என்றால் புளி போட்டுத் தேய்ப்போம். இங்கே புளியும் கூடாது, எலுமிச்சையும் கூடாது. புளிப்பு உள்ளே தங்கி மேலும் அரிக்கும். நைஸ் உப்புத்தாளைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்துக் குச்சியில் சுற்றி நாக்கையும் மரையையும் மெல்லத் தேயுங்கள். தூசியைத் தூரிகையால் தட்டி எடுங்கள். ஹோல்டரின் பீங்கானோ பிளாஸ்டிக்கோ கருகி நொறுங்கினால் தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஹோல்டர் சுத்தமாக இருந்தும் எரியவில்லையா? அப்போது கதவு சுவிட்ச். கல்மண்டபத்து வீட்டில் இதுதான் நடந்தது. கதவின் கொக்கி நுழையும் இடத்தருகே பட்டாணி அளவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் இருந்தது. அழுத்தினால் உள்ளே போய், விட்டால் டக்கென்று வெளியே வர வேண்டும். அது பாதி வழியில் நின்றது. துணிப் பிசிறும் சோப்புப் பவுடரும் உப்பும் சேர்ந்து அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பிசின் போல இறுகியிருந்தன. முழுதாக வெளியே வராததால் விளக்குக்கு மின்சாரம் இல்லை. கதவை மூடினாலும் முழுதாக உள்ளே போகாததால் மோட்டாருக்கும் இல்லை. அரிசி மூட்டை தள்ளிக்கொண்டு நின்றால்தான் ஓடும். பொத்தானைச் சுற்றிச் சுரண்டி, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பத்துப் பதினைந்து முறை அழுத்தி விட்டேன். முதல் நாலைந்து முறை முனகியது, பிறகு ‘டக்’ என்றது. சில நாள் கழித்து அது மறுபடி திக்கியதால் சுவிட்சையே மாற்றினோம். மீந்த பல்புகளில் ஒன்று அவர்கள் வீட்டுச் சமையலறை சிம்னியில் இன்றும் எரிகிறது, அங்கேயும் ஈ14தான்.

சுவிட்சைச் சோதிக்கும்போது குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள், மின்னணு வகையில் எந்தத் திட்டமும் ஓடக் கூடாது. சில இயந்திரங்களில் குமிழ் நேரத்தில் நின்றிருந்தால், பொத்தானை விரலால் அழுத்தியதும் கதவு மூடியதாக நினைத்து டிரம் சுழலத் தொடங்கிவிடும். மற்றொரு கை உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கதவை மூடினாலும் விளக்கு அணையவில்லை

கண்ணாடிக் கதவு என்றால் நேராகவே தெரியும். தகரக் கதவு என்றால் கதவை மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்து மூடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே எரிந்துகொண்டிருந்தது என்று பொருள். கதவு மூடியதை சுவிட்ச் உணரவில்லை. பொத்தான் ஒடிந்திருக்கலாம், கதவில் அதை அழுத்தும் முனை தேய்ந்திருக்கலாம், கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கலாம். கதவின் அடியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து மூடும்போது விளக்கு அணைந்தால் குற்றவாளி கீல்தான்; அதன் ஸ்க்ரூக்களை முடுக்கினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும்.

இந்த நிலையில் சில ‘சாமர்த்தியசாலிகள்’ சுவிட்சின் ஒயர்களை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். இயந்திரம் ஓடும், கதவு திறந்திருந்தாலும் ஓடும். குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்தவனை மெக்கானிக் என்று நான் சொல்ல மாட்டேன்.

விளக்கும் இல்லை, இயந்திரமும் ஓடவில்லை

பல்பை மறந்துவிடுங்கள். அதே பிளக் பாயின்டில் வேறு ஏதாவது செருகிப் பாருங்கள், ஆனால் கைப்பேசி சார்ஜரை அல்ல, இஸ்திரிப் பெட்டியை. தளர்ந்த பாயின்டு சார்ஜருக்கு ஈடுகொடுக்கும், டிரையர் இழுக்கும் இரண்டாயிரம் வாட்டுக்கு அதாவது சுமார் ஒன்பது ஆம்பியருக்கு ஈடுகொடுக்காது. பாயின்டு பழுப்பேறியிருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடானால், கோளாறு இயந்திரத்துக்குள்; அது இந்தப் பாடத்தில் அடங்காது.

டிரம் சுற்றும்போதே மினுக்குகிறது

கதவை மூடியபின் விளக்கு எரியும் சில வகைகளில் மட்டும் இதைப் பார்க்கலாம். மற்றவற்றில் கதவைத் தட்டினால் மினுக்கும். பல்பு தளர்ந்திருக்கிறது. அரைச் சுற்று முடுக்குங்கள். அதிர்வு அதிகம் என்றால் இயந்திரத்தின் நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாதம் ஒரு பல்பு போகிறது

முதல் சந்தேகம் மின்னழுத்தம். இழை பல்புக்கு 5 சதவீதம் வோல்ட் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்; 10 சதவீதம் கூடினால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நள்ளிரவில், தெருவே தூங்கும் நேரத்தில், வோல்ட் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறினால் மின்வாரியத்தில் சொல்லலாம். 240 வோல்ட் என்று அச்சிட்ட பல்பு வாங்குவதும் உதவும்.

இரண்டாவது சந்தேகம், இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பது. கப்பல் வேலையில் இருப்பவர்கள் நிறைய உள்ள பகுதி இது; மாமா கொண்டுவந்தது, மச்சான் அனுப்பியது என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு வெளிநாட்டுச் சாமான் உண்டு. அமெரிக்க டிரையரின் விளக்கு 120 வோல்ட், அடிப்பகுதி பெரும்பாலும் ஈ12. அதை நம் 230 வோல்ட்டில் எரித்தால் பல்பு பளீரென்று ஒரு நொடி சிரித்துவிட்டுப் போய்விடும். அந்த இயந்திரத்தில் விளக்கு மட்டுமல்ல, மோட்டாரும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. அதை இங்கே ஓட்டவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

கண்ணாடி உடைந்து அடிப்பகுதி ஹோல்டரிலேயே மாட்டிக்கொண்டது

பிளக்கை உருவியாயிற்றா என்று இரண்டாம் முறை பாருங்கள். தோல் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மீந்த கண்ணாடிச் சில்லுகளை எடுங்கள். நோஸ் பிளையரின் மூக்கை மரையின் உள்பக்கம் விட்டு, வெளிநோக்கி விரித்தபடி இடப்பக்கம் திருப்புங்கள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி அழுத்தித் திருப்பும் வைத்தியத்தைப் பலர் சொல்கிறார்கள். வேலை செய்யும்தான். ஆனால் ஹோல்டருக்குள் கிழங்குத் தண்ணீர் இறங்கும், அடுத்த களிம்புக்கு நீங்களே விதை போட்டதாகும். டிரம்மில் விரித்த துண்டை உதறாமல் அப்படியே சுருட்டிக் குப்பையில் போடுங்கள். ஒரு சில்லு உள்ளே தங்கினாலும் அடுத்த சலவையில் பனியனில் வந்து குத்தும்.

தீய்ந்த வாடை வருகிறது, அல்லது மூடி விரிசல் விட்டிருக்கிறது

மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. துணியிலிருந்து பறக்கும் பிசிறு பஞ்சு மாதிரி. அது சூடான பல்பின்மேல் படிந்தால் பற்றிக்கொள்ளும். மூடியின் உள்பக்கம் சாம்பல் நிறப் பிசிறு இருந்தால் உலர்ந்த தூரிகையால் எடுத்துவிட்டு, ரப்பர் வளையத்தைச் சோதியுங்கள். மூடி கிடைக்கும்வரை பல்பையும் கழற்றிவிடலாமா என்றால், திறந்த ஹோல்டர் இன்னும் மோசம். இரண்டு நாள் கொடியில் உலர்த்துங்கள்.

கதவைத் திறந்தவுடன் இ.எல்.சி.பி. விழுகிறது

கதவைத் திறந்து விளக்கு எரிய வேண்டிய கணத்தில் மின்கசிவு தடுப்பான் விழுந்தால், விளக்கின் ஒயரில் கசிவு. ஹோல்டரில் ஈரம் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் நான் அதற்கு முன் பார்ப்பது எலியை. பின்பலகை இடுக்கு வழியாக நுழைந்து விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கொறித்துவிட்டுப் போயிருக்கும். தரையில் கறுப்புச் சீரகம் போலப் புழுக்கை கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பல்பைக் கழற்றி ஹோல்டரை உலரவிட்ட பின்னும் விழுந்தால் ஒயர்தான். தடுப்பானைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்திருப்பது உங்கள் உயிரை எண்ணித்தான்.

வெள்ளத்தில் நின்ற இயந்திரம் என்றால் இந்தச் சோதனையும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு கீழ்த்தள வீடுகளிலிருந்து வந்த அழைப்புகளில் பாதி, ‘மேலே இருக்கிற விளக்கு நனையவே இல்லை, பிளக் செருகலாமா?’ என்பதுதான். எண்ணூர்ப் பக்கத்தில் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்திருந்தது. விளக்கு நனையாவிட்டாலும், அதற்குப் போகும் ஒயரோடு சேர்ந்து போகும் மோட்டாரின் ஒயரும் இணைப்புகளும் அடியில்தான் கிடக்கின்றன. செருகாதீர்கள். பின்பலகையைத் திறந்து, கழுவி, உலர்த்தி, மெகர் என்ற கருவி வைத்துக் காப்புத்தடையை, அதாவது மின்சாரம் கசியாமல் ஒயர் தாங்குகிறதா என்பதை, அளந்த பிறகு மெக்கானிக் செருகட்டும்.